கல்கௌதாரியின் நெஞ்சில் தண்ணீர் நின்ற கதை

ஆடும் ஆமையும் மனிதரோடு பேசிக்கொண்டே வழிநடந்த அந்தக் காலத்தில், ஒரு கோடை விடியலில், செங்கரட்டின் அடியில் வந்து நின்றவர்கள் மொத்தம் பத்துப் பேர். மனிதர் நால்வர்: பலவேசம், அவர் மனைவி கோமு, தம்பி பூலுடையான், அண்ணன் தம்பி இருவருக்கும் மூத்த அக்காள் உலகம்மாள். வெள்ளாடு இரண்டு. ஆமை ஒன்று. யாரும் கூப்பிடாமல் வந்த காகம் ஒன்று. கல்கௌதாரி இரண்டு, ஆண் ஒன்றும் பெட்டை ஒன்றும். நாலும் இரண்டும் ஆறு, ஆமையோடு ஏழு, காகத்தோடு எட்டு, கௌதாரிகளோடு பத்து.

உலகம்மாளின் மடியில் மூன்று கௌதாரிக் குஞ்சுகளும் இருந்தன. பொரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவற்றை யாரும் எண்ணவில்லை. நாற்பது நாள் ஆகாத பிள்ளையையும் குஞ்சையும் எண்ணினால் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று அந்த மணல்காட்டில் எல்லோருக்கும் பயம். அதனால் பத்து என்றே வைத்துக்கொண்டார்கள்.

ஊரிலிருந்து மேற்கே அரை நாள் மணலில் நடந்தால் நிலம் சட்டென்று எழுந்து நின்றுவிடும். அதுதான் செங்கரடு. பன்னிரண்டு பனை உயரத்துக்கு ஒரே பாறைச் சுவர். அதில் யாரோ எப்போதோ வெட்டிவைத்த படிகள் இருநூற்றுப் பதினாறு. அவற்றில் உடைந்தவை இருபத்தொன்று. ஏறி முடித்தால் மரம் ஒன்றுகூட இல்லாத கல்தரை. அங்கே பத்தொன்பது கல்வீடுகள் இருந்தன. பலகைபோலப் பிளந்த கற்களை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரே கல்லைக் கவிழ்த்து மூடிய வீடுகள். கட்டியவர்கள் யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை போய், வாசல் தெளித்து, உள்ளே ஏறிய மணலைப் பெருக்கித் தள்ளிவிட்டு வருவார்கள். ஆள் இல்லாத வீடு என்றாலும் குப்பையாய்க் கிடக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். வாசல் தெளிக்கும் தண்ணீர் ஊர்க் கிணற்றுத் தண்ணீராக இருக்கவேண்டும். ஏறுகிறவர்கள் குடிப்பதற்கு மேலேயே ஒரு சுனை உண்டு.

தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பு ஆண் கௌதாரியுடையது. பேச்சும் வெட்கமும் உள்ளவனை 'அது' என்று சொல்ல மனம் வரவில்லை. அவன் என்றே சொல்வோம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுவான். எண்ணச் சொன்னால் மட்டும் குரல் வந்துவிடும். அவனுக்கென்று இருந்த பெருமை ஒன்றே ஒன்று: அவன் நெஞ்சு. வாலடியில் ஊறும் எண்ணெயை அலகால் தொட்டுத் தொட்டு, காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் நெஞ்சு இறகில் நீவிவிடுவான். புதுசாகத் துலக்கிய வெண்கலச் சொம்பு போல அது மின்னும். "மழை பெய்தால் ஊருக்கெல்லாம் தெரியும், உமக்கு மட்டும் தெரியாது" என்று பெட்டை கேலி செய்வாள்.

கோமு சிறங்கை சிறங்கையாக அள்ளினாள். அவன் பக்கத்துக் கல்லில் நின்று எண்ணினான்.

"வீடு பத்தொன்பது. வாசலுக்கு இரண்டு சிறங்கை வீதம் முப்பத்தெட்டு. அது பெரிய தோல்பையில் மேலே போகட்டும். கீழே தங்குகிறவர்கள் மூன்று பேர். அக்காளுக்கு எட்டு, ஆமையாருக்கு ஒன்று, என் வீட்டுக்காரிக்கு ஒன்று. நாளை மதியம்வரைக்கும் சின்னப் பையில் பத்து போதும்."

முப்பத்தெட்டும் பத்தும் நாற்பத்தெட்டு. கொண்டுவந்ததும் நாற்பத்தெட்டு.

உலகம்மாளின் வலது கணுக்கால் வழியிலேயே பிசகி வீங்கியிருந்தது. "முதுகில் ஏறிக்கோ அக்கா" என்று தம்பிகள் இருவரும் கேட்டுப் பார்த்தார்கள். "நான் என்ன சப்பரத்துச் சாமியா, தோளில் தூக்கிட்டு ஊர்வலம் போக? இங்கேயே கெடக்கேன், போங்கலே" என்று விரட்டிவிட்டாள். ஆமைக்குப் படி ஏற வராது. நாற்பது நாள் ஆகாத குஞ்சுகளைக் கல்வீட்டுப் பக்கம் கொண்டுபோகும் வழக்கம் இல்லை. அவற்றுக்காகப் பெட்டையும் தங்கினாள்.

"நீர் அளந்ததெல்லாம் சரி" என்றாள் பெட்டை. "குஞ்சுகளுக்கு?"

"குஞ்சுகளை எண்ணக் கூடாதே."

"எண்ண வேண்டாம். ஊற்றினால் போதும்."

"எண்ணாமல் எப்படி ஊற்றுவது?" என்று கேட்டான் அவன். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

உலகம்மாள் சிரித்துவிட்டாள். "போவே, போ. ஒம்ம பிள்ளைகளை நான் பார்த்துக்கிடுதேன்."

ஆக, ஏறியவர்கள் ஏழு பேர்.

மேலே வேலை தடையில்லாமல் நடந்தது. பத்தொன்பது வாசலிலும் இரண்டிரண்டு சிறங்கையாகத் தெளித்தார்கள். தோல்பையை உதறியபோது ஒரு சொட்டுகூட விழவில்லை. அதைப் பார்த்துக் கௌதாரிக்கு மனம் நிறைந்தது. பிறகு பெருக்கினார்கள். ஒரு வருடக் காற்று கொண்டுவந்த மணல், சுக்கு நூறாக நொறுங்கிய கல்லின் மணல், தொட்டால் விரலைக் கீறும். ஆடுகள் குளம்பால் தள்ள, மனிதர் விளக்குமாற்றால் கூட்ட, வாசலுக்கு வாசல் மணல் குவிந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் பதினாலு வீடு முடிந்தது. ஐந்து மிச்சம்.

மறுநாள் காலையில், தின்ன ஏதாவது கிடைக்குமா என்று கீழே போன காகம் படபடவென்று திரும்பி வந்தது.

"ஓய் அளவுக்காரரே! உம்ம கணக்கு கீழே கவுந்து கெடக்கு!"

"என்ன கணக்கு?"

"தண்ணிக் கணக்கு. தோல்பை காலி. பாறையடி அடுப்புக்கல் மாதிரி கொதிக்குது. உம்ம குஞ்சுகளுக்குக் கால் ஊன முடியலே. அந்த அக்கா என்ன செஞ்சா தெரியுமா? முந்தானையை நனைச்சு நனைச்சு அதுகளுக்கு மேல நிழல் கட்டினா. காஞ்சதும் திரும்ப நனைச்சா. எட்டில ஆறு சிறங்கை அப்படியே போச்சு. ரெண்டுதான் அவ குடிச்சது. ஆமை தன் பங்கையும் குஞ்சுகளுக்கே கொடுத்திட்டு ஓட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டு. உம்ம வீட்டுக்காரி குடிக்கவே இல்லே, எல்லாம் குஞ்சு வாயிலே. இப்ப அதுக மூணும் கத்தக்கூட இல்லே. சும்மா அலகைத் திறந்து திறந்து மூடுதுக."

கௌதாரி நின்ற இடத்திலேயே நின்றான். மூன்று வாய்க்கு அளந்த தண்ணீரை ஆறு வாய் பங்கு போட்டிருக்கிறது. அளந்தவன் அவன். விட்டுப்போனவை வேறு யாருடைய குஞ்சுகளும் அல்ல.

"இதுக்குப் போய் ஏன் முழிக்கீரு?" என்றான் பூலுடையான். "இந்தா, சுனையில மொண்டு நான் இறக்கிட்டு வாரேன்." தோல்பையை எடுத்துக்கொண்டு சுனைக்கு ஓடினான்.

சுனையின் விளிம்புக் கல்லுக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. கிழட்டு உடும்பு. பார்த்தால் அதுவும் ஒரு கல் போலவே இருந்தது.

"குடிக்கணும்னா குனிந்து குடி" என்றது உடும்பு. "பையை அப்படி வை."

"தாத்தா, கீழே உயிர் போகுது!"

"இந்த ஊரே போயிருக்கு. இந்தக் கல்லைப் பார்."

விளிம்புக் கல்லில் கயிறு இழுத்து இழுத்து விழுந்த பள்ளங்கள் இருந்தன. கௌதாரி எண்ணினான். முப்பத்தாறு.

"வீடு கட்டினவங்க கீழே தோட்டம் போட்டாங்க" என்றது உடும்பு. "பானை பானையா இறக்கினாங்க. ஒரு கோடையில சுனையின் அடி தெரிஞ்சது. அடுப்பில உலையை வச்சது வச்சபடி எழுந்து போனாங்க. அதுக்கப்புறம் நூறு வருஷம் ஊறி இப்ப ஒரு முழம் நிக்குது. இதுக்கு நான் காவல். சுட்ட பானையில போகக் கூடாது, தைத்த பையில போகக் கூடாது, நெய்த துணியில போகக் கூடாது. கையால் செஞ்ச எதுவும் தண்ணியைத் தூக்கிக்கிட்டு இந்தப் படி இறங்கக் கூடாது. ஒருதரம் இறங்கினா மறுதரம் இறங்கும். உடம்போடு வாங்க, உடம்போடு எடுத்துப் போங்க. அதுக்குத் தடை இல்லை."

ஊர்க் கிணற்றுக்குப் போய்த் திரும்ப ஒரு முழுப் பகல் வேண்டும். குஞ்சுகளுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

பூலுடையான் பையைப் போட்டுவிட்டு வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு படியில் கால் வைத்தான். நாலாவது படி உடைந்த படி. கால் வழுக்கியதும் "ஐயோ" என்றான். அதோடு தண்ணீர் போயிற்று. கோமு தலைமயிரை அவிழ்த்து நனைத்துக்கொண்டு இறங்கினாள். அறுபதாவது படியில் தொட்டுப் பார்த்தாள், மயிர் உலர்ந்துவிட்டது. ஆடு ஒன்று சுனையில் புரண்டு எழுந்தது, எழுந்த கையோடு பழக்கதோஷத்தில் உடம்பை ஒரு உதறு உதறி எல்லோரையும் நனைத்தது. காகம் அலகில் அள்ளிக்கொண்டு பறந்து போய், வெறும் அலகோடு திரும்பி வந்தது.

"எங்கே தண்ணி?"

"எடுத்துட்டுத்தான் போனேன். வழியில தொண்டை தானா முழுங்கிட்டு. அதுக்கு நான் என்ன செய்ய?"

பலவேசம் வேட்டியை மடித்துக் கட்டினார். "தண்ணிதானே அக்காகிட்டப் போகக் கூடாது. அக்கா தண்ணிகிட்ட வரலாமில்லா? தம்பி, வாலே. மாட்டேன்னு சொன்னாலும் தூக்கிட்டு வந்திருவோம்." இருவரும் விறுவிறுவென்று இறங்கினார்கள். ஆமையைத் தான் மடியில் கட்டிக்கொண்டு வருவதாகக் குரல் கொடுத்தபடியே கோமுவும் அவர்களோடு இறங்கினாள்.

ஆனால் நாற்பது நாள் ஆகாத குஞ்சுகளை மேலே கல்வீட்டுப் பக்கம் கொண்டுவர முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் கௌதாரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் சுனையில் இறங்கினான். நெஞ்சு முழுவதும் முங்கும்படி உட்கார்ந்தான். எழுந்தான். தண்ணீர் மணிமணியாக உருண்டு ஓடிவிட்டது. திரும்ப உட்கார்ந்தான். திரும்பவும் உருண்டது. ஏழு தடவை. இறகு முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது. ஈரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"எண்ணெய்" என்றது உடும்பு. "அது இருக்கிறவரைக்கும் இந்தச் சுனையையே உன் மேல கவிழ்த்தாலும் நிக்காது."

"எண்ணெயை எடுத்துவிட்டால்?"

"எடுத்தால் திரும்ப வராது, யோசிச்சுக்கோ. மழையில நனைவே. நனைஞ்சால் கனப்பே. பருந்து துரத்தும்போது கனத்த நெஞ்சோட எவ்வளவு தூரம் பறப்பே?"

அவன் பருந்தைப் பற்றி யோசித்தான். வானத்தில் அப்போதே ஒன்று வட்டமிட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறகு தலையைத் தூக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்குக் குஞ்சு மூன்று" என்றான்.

காகம் துள்ளிவிட்டது. "எண்ணிட்டீரே! நாப்பது நாள் ஆகலியே!"

"எண்ணாமல் விட்டதால்தான் அலகைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. வருவது வரட்டும்."

சொல்லிவிட்டு, முதல் கல்வீட்டின் வாசலில் குவித்திருந்த மணலுக்குப் போனான். விரலைக் கீறுகிற அந்த மணலில் நெஞ்சை வைத்து அழுத்தி, முன்னும் பின்னும் இழுத்தான். சீயக்காய் போட்டு எண்ணெய்த் தலையைத் தேய்ப்பது போலத் தேய்த்தான். எரிந்தது. முதல் குவியலின் மணல் எண்ணெய் குடித்துக் கறுத்தது. இரண்டாவது குவியலுக்குப் போனான். மூன்றாவதும் கறுத்தது. நாலாவது கொஞ்சம் மங்கியது. ஐந்தாவது குவியலில் மணல் மணலாகவே இருந்தது. குனிந்து பார்த்தான். வெண்கலச் சொம்பு போய்விட்டது. இறகின் நுனியெல்லாம் பிரிந்து சுருண்டு, பழந்துணியின் ஓரம் போலத் தொங்கிற்று. நிறம் அங்கே கிடந்த கல்லின் நிறம்.

ஆடுகள் இரண்டும் கறுத்த மணலை மோந்து பார்த்தன.

அவன் சுனையில் போய் உட்கார்ந்தான். முதலில் குளிர்ந்தது. அவன் நெஞ்சுத் தோல் தண்ணீரைத் தொடுவது அதுவே முதல்முறை. பிறகு மெல்ல மெல்லக் கனத்தது. சுருண்ட இறகு ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டது. எழுந்தான். ஓடவில்லை, உருளவில்லை. நின்றது.

விளிம்புக் கல்லில் உடும்பு குறுக்கே படுத்திருந்தது.

"நில். இது சுட்டதா?"

"இல்லை."

"தைத்ததா? நெய்ததா?"

"இல்லை தாத்தா. இது என் நெஞ்சு."

உடும்பு நாக்கை நீட்டி அந்த இறகைத் தொட்டுப் பார்த்தது. உடும்பு மெதுவாக, மிக மெதுவாக, வாலை ஒதுக்கி வழி விட்டது. "சிந்தாமல் போ" என்றது.

கனத்த நெஞ்சோடு அவன் செங்கரட்டின் விளிம்பிலிருந்து இறங்கினான். பன்னிரண்டு பனை உயரம். மேலே வட்டமிட்ட பருந்து சிறகைச் சுருக்கிக்கொண்டு அவன் பின்னால் பாய்ந்தது. முன்பு என்றால் பக்கவாட்டில் வெட்டித் தப்பியிருப்பான். இப்போது வெட்டினால் தண்ணீர் சிந்தும். நேராகவே பறந்தான். பாறைச் சுவரை ஒட்டி, வயிறு கல்லில் உரசும் தூரத்தில் பறந்தான். ஒரு கணம் பருந்துக்குக் கண் தடுமாறிற்று. பாறை எது, பறவை எது என்று அதற்குத் தெரியவில்லை. சுவரில் மோதாமல் தப்பிக்க அது மேலே திரும்பிப் போய்விட்டது.

அவன் அடிவாரத்தில் இறங்கியதும் பெட்டை சிறகை விரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"யார் நீர்? கிட்டே வராதேயும்! இங்கே குஞ்சுகள் இருக்கின்றன!"

"நான்தான்."

"நான்தான் என்றால்? என் வீட்டுக்காரர் நெஞ்சு மின்னும். நீர் ஏதோ மண்ணில் புரண்டு வந்திருக்கிறீர்."

"வரிசையாக நிற்கச் சொல். தள்ளக் கூடாது" என்றான் அவன். "ஒரு வாய்க்கு இருபது மிடறு. முதலில் சின்னவன்."

பெட்டையின் சிறகு தானாக மடங்கியது. "நீர்தான்" என்றாள்.

அவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். குஞ்சுகள் அடியில் புகுந்தன. ஆட்டு மடியைக் குட்டி முட்டுவது போல முட்டி, இறகை ஒவ்வொன்றாக அலகில் பிடித்து உருவிக் குடித்தன. எந்தக் குஞ்சும் வரிசையில் நிற்கவில்லை. அவன் ஐந்தாவது மிடறுக்குள்ளேயே எண்ணிக்கையைத் தவறவிட்டான். திரும்பத் தொடங்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குஞ்சு கத்தியது. பிறகு மற்ற இரண்டும் கத்தின. ஊரைக் கூட்டுகிற கத்தல். அந்தக் கத்தலைக் கேட்டு ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அப்பாடா" என்றது.

பாதி வழி வந்துவிட்ட தம்பிகளுக்கும் அது கேட்டது. அவர்கள் வந்து அக்காளை முதுகில் ஏற்றியபோது உலகம்மாளின் உதடு வெடித்திருந்தது. ஆனால் பேச்சு குறையவில்லை. "மெதுவாலே, பூலு! படியைப் பார்த்து வை! நாலாவது படியிலே விழுந்தவன்தானே நீ, காக்கா எல்லாம் சொல்லிட்டு!" என்று திட்டிக்கொண்டே போனாள். இருநூற்றுப் பதினாறு படியும் அவள் குரல் கேட்டது. மேலே போய்ச் சுனையில் குப்புறப் படுத்து ஒன்பது சிறங்கை குடித்தாள். பிறகு, "மிச்சம் அஞ்சு வீடு இருக்குன்னாங்களே, விளக்குமாறு எங்கே?" என்று கேட்டாள்.

அந்த வீடுகளையும் பெருக்கிவிட்டு மறுநாள் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். கௌதாரிக் குடும்பம் மட்டும் குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கும்வரை என்று சொல்லிச் செங்கரட்டின் அடியிலேயே தங்கியது. முளைத்த பிறகும் போகவில்லை. கல் நிறத்தில் இருப்பவர்களுக்குக் கல்காடுதான் வசதி என்று கண்டுகொண்டார்கள்.

இன்றைக்கும் வெயில் ஏறும் நேரத்தில் கல்காட்டுப் பக்கம் போனால் பார்க்கலாம். ஆண் கல்கௌதாரி முதலில் மணலில் நெஞ்சைத் தேய்க்கும், பிறகு தண்ணீரில் முங்க உட்காரும், எங்கோ தூரத்தில் இருக்கும் குஞ்சுகளுக்கு நெஞ்சிலேயே தண்ணீர் கொண்டுபோகும். அது தொடங்கியது அன்றைக்குத்தான். அன்று அவன் மேலும் கீழுமாகப் போன நடை ஐந்து. ஐந்தாவது நடையில் மூன்று குஞ்சுகளும் போதும் என்று அலகை விலக்கிக்கொண்டு நிழலில் போய்ப் படுத்துவிட்டன. பெட்டை கிட்டே வந்து அவன் நெஞ்சு இறகைப் பிரித்துப் பார்த்தாள். குடிக்க ஆளில்லாமல் மிச்சம் நின்றது பதினோரு துளி.